மயக்க ஊசி டாக்டரிடம் நீங்கள் கேட்டவை

ராமநாதபுரத்தில் 14 வருடமாக மயக்க மருந்து டாக்டராக இருக்கிறேன். சொந்த ஊர் மண்டபம் பக்கம், அப்பா கடலுக்குப் போனவர். இந்த வேலையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், வந்ததில் பலர் கேட்டவற்றுக்கு முதலில் பதில்.

பாம்பன், பிளஸ் டூ மாணவி: அக்கா, மயக்க டாக்டர் ஆக எத்தனை வருடம் படிக்கணும்? அரசுப் பள்ளியில் படிக்கிற எனக்கு நடக்குமா?

நடக்கும் தங்கச்சி. முதலில் நீட், அப்புறம் ஐந்தரை வருடம் எம்.பி.பி.எஸ்., அதில் கடைசி ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். பிறகு நீட் பி.ஜி. எழுதி மூன்று வருடம் எம்.டி. அனஸ்தீசியா. நடுவில் தேர்வுக்குப் படிக்கும் காலத்தையும் சேர்த்தால் 28 வயது ஆகிவிடும், இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. நான் படித்தபோது நம் மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரியே கிடையாது. இப்போது ராமநாதபுரத்திலேயே 100 இடங்களோடு இருக்கிறது, 2022 ஜனவரியில் திறந்தார்கள்.

கீழக்கரை, இரண்டு குழந்தைகளின் தாய்: மேடம், சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்து நான்கு வருடமாக இடுப்பு வலி. ஊசிதான் காரணம் என்று மாமியார் சொல்கிறார்.

வாரத்தில் பத்துப் பேராவது என்னிடம் கேட்பது இது. உங்கள் வலி உண்மை, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் நான்கு வருடம் நீடிக்கிற வலிக்கு அந்த ஊசியைக் காரணம் சொல்ல முடியாது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும், நாங்கள் அதற்கும் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புகளுக்கு நடுவே, மிக மெல்லிய ஊசியால் குத்துகிறோம். குத்திய இடத்தில் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். கர்ப்ப காலத்தில் முதுகின் வளைவு மாறுகிறது, மூட்டு நார்கள் தளர்கின்றன, அப்புறம் குனிந்து உட்கார்ந்து பால் கொடுக்கிறோம், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டே தண்ணீர்க்குடமும் தூக்குகிறோம். சுகப்பிரசவம் ஆனவர்களையும் விசாரித்துப் பாருங்கள், இதே வலியைச் சொல்வார்கள். எலும்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள், முதுகுத் தசைக்கான பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு தினமும் செய்யுங்கள்.

இந்த ஊசியால் சிலருக்கு வருவது தலைவலி. பிரசவமான முதல் சில நாட்களில், உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும், படுத்தால் குறையும். அதைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே கிடக்கக் கூடாது, ஊசி போட்ட டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். மாத்திரையில் அடங்காவிட்டால் உங்கள் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து முதுகில், ஊசி போட்ட இடத்துக்குப் பக்கத்தில் செலுத்துவோம், பெரும்பாலும் தலைவலி நின்றுவிடும்.

தங்கச்சிமடம், மீனவர்: மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். மயக்க டாக்டர் குடியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறார், அப்பாவுக்கு அவமானமாக இருக்கிறது.

தம்பி, அவரைக் குற்றவாளி ஆக்குவதற்காகக் கேட்கவில்லை. தினமும் குடிக்கும் உடம்புக்கு மருந்தின் அளவே மாறும். ஆபரேஷன் முடிந்து இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கி, ஆள் தெரியாமல் பேசி, குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், முன்பே சொல்லியிருந்தால் அதற்கு மருந்து கொடுத்துத் தடுத்திருக்கலாம். மனைவி பிள்ளைகள் முன்னால் கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை, அதனால் நான் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பேன். பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், ஒரு நாள் நிறுத்தினாலும் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடும்.

இன்னொன்று, ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிறு. இட்லி, பால், பால் டீ என்றால் 6 மணி நேரம், பிரியாணி, மீன் வறுவல் மாதிரி எண்ணெய்ச் சாப்பாடு 8 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம். நம் பக்கத்தில் 'பாவம், காலையிலிருந்து பட்டினி' என்று நீராகாரம் கொடுத்துவிடுகிறார்கள். அதில் சோறு கரைந்திருக்கிறது, அதுவும் சாப்பாட்டுக் கணக்குதான். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

மூக்கையூர், மீனவர்: கடல்பாம்பு கடித்தவரை மயக்க டாக்டர் வந்து பார்த்தாராம். ஆபரேஷன் இல்லாத இடத்தில் அவருக்கு என்ன வேலை?

மூச்சு. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் தயாரிக்கப்படுவது, கடல்பாம்பு விஷத்துக்கு வேலை செய்யாது. கண்ணிமை தொங்கி, எச்சில் விழுங்க முடியாமல், நெஞ்சுத் தசை தளரும்போது தொண்டைக்குள் குழாய் வைத்து மூச்சுக் கருவியில் போட்டால் விஷம் இறங்கும் வரை உயிரைப் பிடித்து வைக்கலாம். கரையிலும் அப்படித்தான், தரையில் படுத்துத் தூங்கும்போது கட்டுவிரியன் கடித்து, பல நாள் கருவியில் இருந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்ட கையை காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ராமநாதபுரம், ஹவுஸ் சர்ஜன்: எம்.டி.யில் இதை எடுக்கலாமா, பொது மருத்துவம் எடுக்கலாமா?

உங்கள் பெயரைத் தேடி நோயாளி வர வேண்டும் என்ற ஆசை இருந்தால் இது வேண்டாம், பிறகு வருத்தப்படுவீர்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் சர்ஜனுக்குத்தான் பழக்கூடை வரும். கையால் வேலை செய்வதும், மருந்து கொடுத்த நிமிடமே பலனைக் கண்ணால் பார்ப்பதும் பிடிக்கும் என்றால் இதைவிட நல்ல துறை எனக்குத் தெரியாது. வருமானம், அரசு வேலை என்றால் மாதச் சம்பளம், வெளியே என்றால் கேஸுக்கு இவ்வளவு என்று கிடைக்கும், குறை இருக்காது. ஆனால் மானிட்டர், உறிஞ்சு கருவி, மாற்று ஆக்சிஜன் சிலிண்டர் சரியாக இல்லாத இடத்தில் 'சின்ன கேஸ்தானே' என்று கூப்பிட்டால் போகாதீர்கள். ஆரம்ப காலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பாதி ஆபரேஷனில் சிலிண்டர் தீர்ந்தது, மாற்று சிலிண்டரைத் திறக்கும் சாவியைக் காணோம். பலூனைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்து நோயாளியைக் காப்பாற்றினோம். அன்றிலிருந்து சாவியை நானே கையில் வாங்கிப் பார்க்காமல் யாருக்கும் ஊசி போடுவதில்லை.

பரமக்குடி, ஆசிரியை: எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை மயக்க டாக்டர். வீட்டு வாழ்க்கை எப்படி இருக்கும்?

நேராகவே சொல்கிறேன். கடற்கரையில் கல்யாணங்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில்தான் நிறைய, ஆண்கள் கரையில் இருப்பார்கள். தள்ளிப்போட்ட ஆபரேஷன்களையும் அப்போதுதான் செய்துகொள்வார்கள், அதனால் என் சொந்தத் தங்கை கல்யாணத்துக்கே தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தேன். என் மகள் சிறுவயதில் போன் மணி அடித்ததுமே அழுவாள். என் கணவர் வங்கியில் வேலை செய்கிறார், பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு என்று கல்யாணத்துக்கு முன்பே பேசிவிட்டோம். நீங்களும் பேசிவிடுங்கள், மாதத்தில் எத்தனை இரவு டியூட்டி, கூப்பிட்டால் யார் பிள்ளையோடு இருப்பது என்று எல்லாவற்றையும். இரவு முழுக்க விழித்துவிட்டு வருபவரைக் காலையில் வண்டி ஓட்ட மட்டும் விடாதீர்கள்.

தொண்டி, ஓய்வுபெற்ற செவிலியர்: டாக்டரம்மா, நடு ராத்திரியில் கூப்பிடும்போது ஒருநாள்கூட சலிப்பு வந்ததில்லையா?

உடம்பு சலிக்கும் அம்மா. நான் ஏழாவது படிக்கும்போது சித்திக்குப் பிரசவ வலி, குழந்தை குறுக்கே கிடந்தது. அறுவை செய்ய டாக்டர் இருந்தார், மயக்க டாக்டர் இல்லை, மதுரைக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல், வாடகை வேனில். சித்தி பிழைத்தார், குழந்தை வழியிலேயே போய்விட்டது. சித்திக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது, ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று சொன்னால் 'பிள்ளை அழுதுச்சா?' என்று மட்டும் கேட்பார்.