மெக்காலிஃப் வெள்ளி டாலர்: 26.73 கிராம் சரியான எடைதான்

உங்கள் நாணயம் 31.1 கிராம் இல்லாமல் 26.73 கிராம்தான் இருக்கிறது, போலி நாணயமோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். 2021-இல் அமெரிக்க நாணயச்சாலை வெளியிட்ட கிறிஸ்டா மெக்காலிஃப் (சேலஞ்சர் விண்கல விபத்தில் இறந்த ஆசிரியை) நினைவு வெள்ளி டாலரின் எடையே 26.73 கிராம்தான்.

நீங்கள் எதிர்பார்த்த 31.1 கிராம், ஒரு டிராய் அவுன்ஸ் (வெள்ளி, தங்கம் நிறுக்கும் அளவு) எடையுள்ள அமெரிக்க 'சில்வர் ஈகிள்' நாணயத்துக்கு உரியது. நினைவு டாலர்கள் பழைய வெள்ளி டாலரின் எடையிலேயே வருகின்றன. இரண்டிலும் வெள்ளி 99.9 சதவீதம் என்பதால் குழம்பியிருப்பீர்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால்:

1. விட்டம் 38.1 மி.மீ. இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.
2. காந்தத்தை அருகில் கொண்டு போங்கள். ஒட்டவே கூடாது.
3. பின்புறத்தை லென்ஸில் பாருங்கள். ஆசிரியை மேலே கை காட்ட, மாணவர்கள் மூவர் அண்ணாந்து பார்ப்பார்கள். தலைக்கு மேல் ஏழு நட்சத்திரங்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சரில் இறந்த ஏழு பேருக்காக வைத்தவை. எனக்கு அந்தப் பக்கம்தான் மனதைத் தொடும். ஒவ்வொரு நட்சத்திரமும் கூர்மையாகத் தெரிய வேண்டும்.

ஆனால் காந்தத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். செம்பும் ஈயமும்கூட ஒட்டாது. எடை, விட்டம் இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும். தயவுசெய்து துணியால் துடைக்காதீர்கள். ஓரத்தைப் பிடித்து எடுத்து அப்படியே உறையில் வைத்துவிடுங்கள். கண்ணாடிப் பளபளப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் மதிப்பு இறங்கிவிடும்.