ஆறு குண்டு சரி, அப்புறம்?

கேள்வி: பழைய கௌபாய் படங்களில் ஹீரோ சுட்டுக்கொண்டே இருக்கிறாரே, அந்தக் காலத்து ரிவால்வரில் அவ்வளவு வேகமாகக் குண்டு போட முடியுமா? (அலங்காநல்லூர் வாசகர்)

பதில்: முடியவே முடியாது. சாமுவேல் கோல்ட் 1836-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியபோது, இன்று நாம் பார்க்கிற பித்தளைத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்குக் கிடையாது. சிலிண்டரில் இருக்கும் ஒவ்வொரு அறையிலும் முதலில் கரிமருந்து, அதன்மேல் ஈயக்குண்டு, பிறகு குண்டை உள்ளே அழுத்திக் கெட்டிக்க வேண்டும், அதற்கான நெம்புகோல் குழலுக்கு அடியில் வந்ததே சில வருஷம் கழித்துத்தான். குண்டு அறையின் வாயைவிட ஒரு துளி பெரிதாகவே இருக்கும், அதனால் அழுத்தும்போது ஓரத்தில் மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவிக்கொண்டு வரும். அது முழுசாக வந்தால் குண்டு இறுக்கமாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். குண்டின் மேல் கொழுப்பைத் தடவிவிட்டு, கடைசியாகப் பின்பக்கத்து முலைகளில் (ஒவ்வொரு அறைக்கும் பின்னால் நீட்டியிருக்கும் சின்னக் குழாய் முனை, இங்கிலீஷில் நிப்பிள்) கேப் மாட்ட வேண்டும், நம்ம தீபாவளித் துப்பாக்கி கேப்புக்குச் செம்பில் தொப்பி போட்டது மாதிரி இருக்கும். இதையெல்லாம் ஒவ்வொரு அறைக்கும் செய்து முடிக்கச் சில நிமிஷம் ஆகும். எதிரே ஒருத்தன் கத்தியோடு வந்தால் காத்திருப்பானா என்ன?

அதனால்தான் வசதி இருந்தவர்கள் ரெண்டு ரிவால்வராக இடுப்பில் சொருகினார்கள். ரெமிங்டன் கம்பெனி ரிவால்வர் வைத்திருந்தவருக்கு இன்னொரு வழியும் உண்டு, அச்சை இழுத்துவிட்டுச் சிலிண்டரையே கழற்றி, முன்பே நிரப்பிய வேறொன்றை மாட்டலாம். கோல்ட்டில் அதற்குக் குழலையே பிரிக்க வேண்டும்.

இன்னொன்று, வெடித்த கேப் துண்டுதுண்டாகச் சிதறி உள்ளே விழுந்தால் சிலிண்டர் சுற்றாது, கேப்பை அடிக்கும் சுத்தியலும் சிக்கிக்கொள்ளும். பழகினவர்கள் சுத்தியலை இழுக்கும்போது துப்பாக்கியை வானத்தைப் பார்க்கத் தூக்குவது அதற்காகத்தான், ஸ்டைலுக்காக அல்ல. ஆறு அறை இருந்தாலும் பலர் ஐந்தில்தான் மருந்து போடுவார்கள், கீழே விழுந்தால் வெடிக்காதபடி சுத்தியல் காலி அறையின் மேல் இருக்கட்டும் என்று.

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இப்படி ஒரு துருப்பிடித்த ரிவால்வர் கிடைத்தது. துடைத்து ஷோகேஸில் வைக்கலாமா? (மேலூர் வாசகி)

பதில்: முதலில் அதைக் கீழே வையுங்கள் அம்மா, குழல் ஆள் இல்லாத பக்கம் இருக்கட்டும். உள்ளே மருந்து இருக்கிறதா என்று குச்சி விட்டு நோண்ட வேண்டாம், விசையை இழுத்துப் பார்க்கவும் வேண்டாம். ஈரம் படாத கரிமருந்து எத்தனை வருஷமானாலும் வெடிக்கும். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவில் பழங்காலத்து ஆயுதத்துக்கு விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் இனி சுடவே முடியாது என்கிற நிலையில் இருந்தால்தான் அது செல்லும். அதை முடிவு செய்வது நீங்களும் இல்லை, நானும் இல்லை. பொருளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாமல், முதலில் உங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து மூலம் தெரிவித்து, அவர்களே வந்து எடுத்துப் போகட்டும். லைசென்ஸ், விலக்கு எல்லாம் அப்புறம் கலெக்டர் ஆபீஸில் பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மருமகன், இத்தாலியில் செய்த பழைய மாடல் ரிவால்வர் வாங்கியிருக்கிறார். சுட்ட பிறகு எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதுமா என்று கேட்கிறார். (சோழவந்தான் வாசகர்)

பதில்: போதாது. கரிமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் கசடாகவே தங்கிவிடும், அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். அன்றைக்கே பிரித்து, சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி, முலைகளையும் கழற்றித் துலக்கி, நன்றாகக் காயவைத்து அதற்குப் பிறகுதான் எண்ணெய். அடுத்த முறை மருந்து போடும் முன் அறைகளில் அந்த எண்ணெய் மிச்சமிருந்தால் மருந்து நனைந்து கேப் மட்டும் 'டப்' என்று அடங்கிவிடும். எனவே துடைத்துவிட்டு, காலி அறைகளில் வெறும் கேப்பை மட்டும் ஒரு சுற்று வெடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.