மின்தேக்கியில் தேங்கும் ஆற்றலைக் கணக்கிடுவது எப்படி? பினாங்கிலிருந்து கேள்வி பதில்

பட்டர்வொர்த், எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) மாணவி: ஐயா, மின்தேக்கியில் (கபாசிட்டர்) சேரும் மின்னேற்றத்தை மின்னழுத்தத்தால் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கும் என்கிறார்கள். பிறகு வாய்பாட்டில் ‘பாதி’ ஏன் வருகிறது?

பதில்: மின்தேக்கியின் வெறுமையான தகட்டில் முதல் துளி மின்னேற்றம் ஏறும்போது எதிர்ப்பே இல்லை, கடைசித் துளிதான் முழு மின்னழுத்தத்தையும் எதிர்த்து ஏறவேண்டும். மின்னழுத்தம் சுழியத்திலிருந்து சீராக உயர்வதால், சராசரியாகப் பாதி மின்னழுத்தத்தில்தான் வேலை நடக்கிறது. ஆகவே ஆற்றல் = ½ × மின்தேக்குதிறன் (ஃபாரட்டில்) × மின்னழுத்தம்². நம் வீட்டு 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தின் உச்சம் ஏறக்குறைய 325 வோல்ட். அதில் நிரம்பிய 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் சுமார் 24.8 ஜூல் இருக்கும்.

செந்தூல்: எனக்கு 2.48 கோடி ஜூல் வருகிறது.

பதில்: மைக்ரோ என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு; 470 என்பதை 0.00047 என்று எழுதிப் பெருக்குங்கள்.

பூடு: ஜாலான் பாசாரில் வாங்கிய பழைய பவர் சப்ளையின் மின்தேக்கியை ஸ்க்ரூடிரைவரால் தொட்டு வெறுமையாக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த 24.8 ஜூலும் நொடிப்பொழுதில் தீப்பொறியாகப் பாய்ந்து, முனையை உருக்கிக் கண்ணிலும் தெறிக்கலாம். பிளக்கைக் கழற்றிய பின், காப்பிட்ட பிடிகொண்ட கம்பிகளால் 10 கிலோஓம், 10 வாட் மின்தடையை இணைத்து அரை நிமிடம் காத்திருங்கள். பிறகும் மல்டிமீட்டரால் அளக்காமல் கை வைக்காதீர்கள்.

கிள்ளான்: ஏர்கோன் கபாசிட்டர் வீங்கிவிட்டது, என்ன செய்வது?

பதில்: அது ஏர்கோன் பழுதுபார்ப்பவரின் வேலை. அவர் வரும்வரை திறக்காதீர்கள். அணைத்த பின்னும் அதில் மின்னேற்றம் இருக்கும்.

ஈப்போ: 10 வோல்ட்டில் நிரம்பிய 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை, அதே அளவுள்ள வெறும் மின்தேக்கியோடு இணைத்தால் பாதி ஆற்றல் காணாமல் போகிறதே?

பதில்: மிக நல்ல கேள்வி. முன்பு 5 மில்லிஜூல். பின்பு இரண்டிலும் 5 வோல்ட், மொத்தம் 2.5 மில்லிஜூல். மின்னேற்றம் குறையவில்லை, மீதி ஆற்றல் கம்பியின் மின்தடையில் வெப்பமானது. நிரம்பிய தொட்டியையும் அதே அளவுள்ள காலித் தொட்டியையும் அடியில் குழாயால் இணைத்தாலும் இப்படியே நிலையாற்றலில் பாதி போய்விடும்.

செந்தூல்: மின்தடை குறைந்தால் இழப்பும் குறையும் அல்லவா?

பதில்: குறையாது, நண்பரே. மின்தடை குறையக் குறைய மின்னோட்டம் பெருகி, அதே இழப்பு விரைவாக நடந்து முடியும்.

ஈப்போ: மின்தடையே இல்லாத கம்பி என்றால்?

பதில்: அப்போதும் கம்பிச் சுற்றுக்கு மின்தூண்டல், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை, உண்டு. ஆகவே மின்னேற்றம் ஒரே இடத்தில் நிற்காமல் இரண்டு மின்தேக்கிகளுக்கும் இடையே ஊசலாடும். அந்த ஊசலாட்டம் மின்காந்த அலைகளாக ஆற்றலைச் சிறிது சிறிதாக வெளியேற்றி அடங்கும்போது, இரண்டிலும் அதே 5 வோல்ட்தான் நிற்கும்.