கூண்டுச் சண்டைக்குக் கூட்டம் வருமா?

(வாசகர் கேள்வி பதில். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் எம்.எம்.ஏ. போட்டிகளைப் பற்றி புதுச்சேரி, கடலூர் பக்கமிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.)

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து புதுச்சேரியில் சின்ன அளவில் எம்.எம்.ஏ. போட்டிகள் நடத்துகிறோம். சண்டை போடுகிறவர்களின் சொந்தக்காரர்களும் ஜிம் பசங்களும்தான் வருகிறார்கள். முதல் வரிசை முழுக்க ஓசி பாஸ். அடுத்த ஷோவுக்கு ஒரு வெளிநாட்டு ஃபைட்டரையும் ஒரு சின்னத்திரை நடிகரையும் கூட்டி வரலாம் என்கிறார் பார்ட்னர். கடன் வாங்க வேண்டியிருக்கும். சரியா வருமா?
— ஒரு வாசகர், லாஸ்பேட்டை

பதில்: கடன் வாங்காதீர்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

உங்கள் பார்ட்னர் சொல்வதை நம் நாட்டில் ஏற்கெனவே பெரிய கைகள் செய்து பார்த்துவிட்டன. 2012ல் மும்பையில் சூப்பர் ஃபைட் லீக் தொடங்கியது. தொழிலதிபர் ராஜ் குந்த்ராவும் நடிகர் சஞ்சய் தத்தும் பின்னால் இருந்தார்கள், முதல் ஷோவின் மெயின் ஈவென்ட், அதாவது கடைசியில் வரும் பெரிய சண்டை, பாப் சாப், ஜேம்ஸ் தாம்ப்சன் என்று இரண்டு வெளிநாட்டு மலைகள். முதல் ரவுண்டிலேயே காலில் அடிபட்டு சாப் விலகிவிட்டார், சண்டை முடிந்தது. சரி, அன்றைக்கு வந்தவர்கள் அடுத்த ஷோவுக்கு யாரைப் பார்க்க வருவார்கள்? சாப் பிளேன் ஏறிவிட்டாரே. நட்சத்திரத்தைக் காட்டிச் சேர்த்த கூட்டம் நட்சத்திரத்தோடு போய்விடும் என்பதுதான் சிக்கல், அந்த லீக் பிறகு 2017ல் அணிகள் மோதும் வேறொரு வடிவத்தில்தான் திரும்பி வந்தது.

போலந்தைப் பாருங்கள். கே.எஸ்.டபிள்யூ. என்ற அமைப்பு 2004ல் வார்சாவில் ஒரு ஹோட்டலுக்குள் ஆரம்பித்தது. 2017 மே மாதம் அதே ஊரின் தேசிய ஸ்டேடியத்தில் ஷோ நடத்தினார்கள், 57 ஆயிரத்துக்கு மேல் ஆட்கள். அவர்களும் பிரபலத்தைக் கொண்டுவந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் யாரை? மரியுஸ் புட்ஜியானோவ்ஸ்கி. உலகின் பலசாலி பட்டத்தைப் பலமுறை வாங்கிய அவர் போலந்துக்காரர், அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். அவர் ரிப்பன் வெட்ட வரவில்லை. 2009ல் சண்டைக்கு இறங்கி, அடி வாங்கி, தோற்று, திரும்ப வந்து பல வருஷம் சண்டை போட்டார். உங்கள் சின்னத்திரை நடிகர் ஒரு ரவுண்டு நிற்பாரா? நிற்பார் என்றால் எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வையுங்கள்.

சொந்தக்காரர்கள்தான் வருகிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறீர்களே, அவர்கள் எதற்காக வருகிறார்கள்? உள்ளே நிற்பவன் யார் என்று அவர்களுக்குத் தெரியும், அதற்காக. மற்றவர்களுக்கும் அதே மாதிரி தெரிய வைத்துவிட்டால் வேலை முடிந்தது. இந்த விளையாட்டிலேயே பெரிய அமைப்பான அமெரிக்காவின் யு.எஃப்.சி.யே அப்படித்தான் பிழைத்தது. 2001ல் அதை வெறும் 20 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள், அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் நஷ்டம்தான். கடைசியில் கைக்காசைப் போட்டு ஒரு ரியாலிட்டி ஷோ எடுத்தார்கள், ஃபைட்டர்களை ஒரே வீட்டில் அடைத்து அவர்கள் சாப்பிடுவதையும் சண்டை போட்டுக்கொள்வதையும் அழுவதையும் வாரா வாரம் காட்டினார்கள். 2005 ஏப்ரலில் இறுதிப் போட்டியில் ஃபாரஸ்ட் கிரிஃபினும் ஸ்டீஃபன் போனரும் மோதியபோது, பார்த்தவர்களுக்கு அவர்கள் ரெண்டு பேரும் பழகிய பையன்கள். அந்தச் சண்டைக்குப் பிறகுதான் கம்பெனி தலைநிமிர்ந்தது.

உங்களுக்கு வீடும் வேண்டாம், சேனலும் வேண்டாம். போன் போதும். உங்கள் ஆட்களில் ஒருவர் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் காலையில் மீன் பெட்டி தூக்குகிறார் என்று வையுங்கள், சாயந்திரம் வந்து பயிற்சி எடுக்கிறார். அதை எடுங்கள். அம்மா என்ன திட்டுகிறார் என்பதையும் எடுங்கள். பின்னணியில் ஹிந்தி ராப் போட்டு, ஸ்லோமோஷனில் பஞ்ச் பேக் குத்துகிற வீடியோ வேண்டாம், எல்லா ஜிம்மும் அதைத்தான் போடுகிறது, எவன் யார் என்றே தெரிவதில்லை. ஒவ்வொரு ஷோவுக்கும் முன்னால் ரெண்டே ரெண்டு பேரின் கதையைச் சொன்னால் போதும், ஆனால் அந்த ரெண்டு பேரும் ஜெயித்தாலும் தோற்றாலும் அடுத்த ஷோவிலும் இருக்க வேண்டும். தோற்றவனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஆளைத் தேடுவதுதான் சின்ன அமைப்புகள் செய்கிற பெரிய முட்டாள்தனம். தோற்றவன் திரும்பி வருகிறான் என்பதைவிட நல்ல போஸ்டர் உண்டா?

அப்புறம், புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் ஒரு ஆல்பேட்டை செக்போஸ்ட்தான் இருக்கிறது. இந்த ஊர் பையனும் அந்த ஊர் பையனும் மோதுகிறார்கள் என்றால் முக்கால் மணி நேர பஸ் பயணத்துக்கு யாரும் அஞ்ச மாட்டார்கள். ஒரு ஷோ இங்கே, அடுத்தது மஞ்சக்குப்பத்தில் என்று மாற்றி மாற்றி வையுங்கள். தேதியையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன் சாம்பியன்ஷிப் என்ற சிங்கப்பூர் அமைப்பு 2023 ஜனவரி முதல் பாங்காக் லும்பினி ஸ்டேடியத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நடத்துகிறது, வெள்ளி என்றால் சண்டை என்று ஆகிவிட்டது. உங்களால் வாரா வாரம் முடியாது. ரெண்டு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை என்று வைத்து, அதை மாற்றாமல் இருங்கள். மாசி மகம், வீராம்பட்டினம் தேர், பப்ளிக் எக்ஸாம் இதெல்லாம் எப்போது என்று மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் சென்னையிலிருந்து வரும் டூரிஸ்ட்டுகளை நம்பாதீர்கள். அவர்கள் ஒரு தடவை வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள்.

இடம்: உப்பளம் உள்விளையாட்டு அரங்கத்தில் பாதி காலியாக நடத்துவதைவிட ஒரு கல்யாண மண்டபத்தில் நிற்க இடமில்லாமல் நடத்துங்கள். வீடியோவில் காலி நாற்காலி தெரிந்தால் அடுத்த ஷோவுக்கும் நாற்காலி காலிதான். எட்டு சண்டை போதும், கடைசி டவுன் பஸ்ஸுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஓசி பாஸை நிறுத்துங்கள், ஐம்பது ரூபாயாவது வாங்குங்கள். காசு கொடுத்தவன்தான் நேரத்துக்கு வருவான்.

கேள்வி: ஆளுக்கு இத்தனை டிக்கெட் விற்றுக் கொடுத்தால்தான் சண்டை என்கிறார் நடத்துகிறவர். நான் சண்டை போடுவதா, டிக்கெட் விற்பதா?
— ஒரு ஃபைட்டர், தேவனாம்பட்டினம்

பதில்: இது உங்கள் ஊர் கண்டுபிடிப்பு இல்லை தம்பி, இங்கிலாந்தில் சின்ன ஷோக்கள் பலவும் ரொம்ப நாளாக இப்படித்தான் ஓடுகின்றன. கூட்டமும் சேரும். ஆனால் இதில் ஒரு விஷம் இருக்கிறது. நூறு டிக்கெட் விற்கிறவன் தோற்றுவிடக் கூடாதே என்று அவனுக்கு சுலபமான ஆளாகப் பார்த்துப் பார்த்துப் போடுவார்கள், எதிரில் நிற்பவன் பஸ் ஏறி அடி வாங்க வந்தவன் ஆகிவிடுவான், பார்க்கிறவர்களுக்கும் ரெண்டு ஷோவில் அது புரிந்துவிடும். சண்டைக்கு இவ்வளவு என்று பேசி எழுதி வாங்குங்கள். விற்கிற டிக்கெட்டுக்குக் கமிஷன் தனி. சண்டைக் காசுக்குப் பதிலாக டிக்கெட் கட்டைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: சண்டைகளுக்கு நடுவில் குத்தாட்டம் வைத்தால் கூட்டம் வருமா?
— பண்ருட்டி வாசகர்

பதில்: வரும். குத்தாட்டம் முடிந்ததும் போய்விடும்.

கேள்வி: பெண்கள் சண்டையை எப்போதும் இரண்டாவதாக, கூட்டம் சேருவதற்கு முன்னாலேயே போட்டு முடித்துவிடுகிறார்கள். கேட்டால், பெண்கள் சண்டைக்கு மவுசு இல்லை என்கிறார்கள்.
— ஒரு வாசகி, அரியாங்குப்பம்

பதில்: காலி நாற்காலிக்கு முன்னால் போட்டுவிட்டு மவுசு இல்லை என்றால் எப்படி? அமெரிக்காவில் இன்விக்டா என்ற அமைப்பு 2012ல் பெண்கள் சண்டை மட்டும்தான் என்று தொடங்கியது. யு.எஃப்.சி. பெண்களுக்கு ஸ்ட்ராவெயிட் என்ற குறைந்த எடைப் பிரிவு ஆரம்பித்தபோது ஆட்களை அள்ளிக்கொண்டு போனதே அங்கிருந்துதான். பெரியவர்கள் கவனிக்காமல் விட்ட இடத்தைச் சின்னவர்கள் பிடித்தார்கள். அதே பிரிவில் 2024 ஜூனில் யு.எஃப்.சி.யில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் பூஜா தோமர், உத்தரப் பிரதேசத்துக்காரர். அவர் அதற்கு முன் இங்கே மேட்ரிக்ஸ் ஃபைட் நைட் என்ற இந்தியப் போட்டியில் சாம்பியனாக இருந்தவர். இன்னொரு இந்திய ஃபைட்டர் அன்ஷுல் ஜுப்லியும் அந்த மேடையில் சண்டை போட்டுவிட்டு யு.எஃப்.சி. போனவர்தான்.

உங்கள் ஊரில் ஷோ நடத்துகிறவருக்கு நான் சொல்வது: ஒரே ஒரு ஷோவில் பெண்கள் சண்டையை மெயின் ஈவென்டுக்கு முந்தினதாகப் போடுங்கள், அதற்கு ஒரு மாதம் முன்னாலிருந்தே அவர்களைப் பற்றிப் பேசுங்கள். அந்தப் பெண்களின் அக்கா, தங்கை, காலேஜ் தோழிகள் எல்லாம் வருவார்கள். வந்தால் உட்கார நல்ல இடமும், தண்ணீர் வரும் கழிப்பறையும் இருக்கட்டும். சரக்கடித்துவிட்டு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், புதுச்சேரியில் இது சின்ன வேலை இல்லை என்று தெரியும், இருந்தாலும். குடும்பத்தோடு வருகிறவர் நாலு டிக்கெட் எடுப்பார், குடித்துவிட்டு வருகிறவர் ஒன்று எடுத்து நாலு பேரைத் துரத்துவார்.

கேள்வி: நான் சிலம்பம் சொல்லித்தருகிறவன். ஒருவன் மேல் ஒருவன் ஏறி உட்கார்ந்து குத்துவதெல்லாம் ஒரு கலையா? கோழிச் சண்டைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
— ஒரு ஆசான், வில்லியனூர்

பதில்: ஐயா, நீங்கள் கேட்டதையேதான் அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெயின் 1996ல் சொன்னார், மனிதக் கோழிச் சண்டை என்று. அன்றைக்கு அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 1993ல் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி.யில் எடைப் பிரிவே கிடையாது, கிட்டத்தட்ட எல்லா அடிக்கும் அனுமதி. கேபிள்காரர்கள் ஒளிபரப்பையே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் எடைப் பிரிவு, கையுறை, ரவுண்டு, கூடாத அடிகளின் பட்டியல் எல்லாம் வந்து, 2000த்தை ஒட்டி நியூஜெர்சியில் பொது விதிகளாக உருவெடுத்தன. புதுச்சேரிக்குப் பழக்கமான பிரான்ஸே 2020 வரை இந்தப் போட்டிகளை அனுமதிக்கவில்லை. அனுமதித்த பிறகு, 2022 செப்டம்பரில் பாரிஸில் யு.எஃப்.சி. நடந்தது, உள்ளூர் ஆள் சிரில் கான் மெயின் ஈவென்டில் ஜெயித்தார், அரங்கம் பிய்த்துக்கொண்டது.

உங்களுக்குப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் தரையில் நடப்பது என்னவென்று யாரும் விளக்காததும் ஒரு காரணம். ரெண்டு பேர் கீழே போனதும் பின்வரிசையில் ‘என்னடா கட்டிப் புரள்றானுங்க’ என்று விசில் கிளம்பும். அந்த நேரத்தில் மைக்கில் ஒருத்தர், ‘இப்ப கழுத்துப்பிடி போடப் பார்க்கிறான், அந்தக் கை உள்ளே போச்சுன்னா முடிஞ்சது’ என்று தமிழில் சொன்னால் விசில் நின்று மூச்சு நின்றுவிடும். இங்கே பல ஷோக்களில் அறிவிப்பாளர் இங்கிலீஷில் கத்துகிறார், யாருக்காகவோ தெரியவில்லை. புரோ கபடி வீட்டுக்குள் வந்ததற்கு மேட் விரிப்பும் லைட்டும் எவ்வளவு காரணமோ, அந்தந்த மொழி கமென்ட்ரியும் அவ்வளவு காரணம். இடைவேளையில் உங்கள் மாணவர்களைச் சிலம்பம் சுற்றவிடச் சொல்லி நடத்துகிறவர்களைக் கேளுங்கள், பண்ருட்டிக்காரர் கேட்ட குத்தாட்டத்துக்கு அது எவ்வளவோ மேல்.

கேள்வி: முழுச் சண்டையையும் யூடியூபில் இலவசமாகப் போட்டுவிட்டால் நேரில் யார் வருவார்கள்?
— மஞ்சக்குப்பம் வாசகர்

பதில்: ஓசியில் பார்ப்பார்களே என்று பயப்படுகிற நிலைமைக்கு முதலில் வாருங்கள். இப்போதைக்கு உங்களை யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் ஒவ்வொரு பெரிய ஷோவையும் வீட்டில் பார்க்கத் தனிக் காசு வாங்கிய யு.எஃப்.சி.யே, பாரமவுண்ட் என்ற டி.வி., சினிமா நிறுவனத்தோடு ஏழு வருஷத்துக்கு 770 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, 2026 முதல் அந்த முறையைக் கைவிட்டது. ஷோ முடிந்த ரெண்டாம் நாள் முழுச் சண்டைகளையும் போடுங்கள். ரீல்ஸில் நாக்அவுட் போடும்போது ஆள் பெயரும் ஊரும் திரையில் இருக்கட்டும், இல்லையென்றால் லட்சம் பேர் பார்த்தும் யார் அடித்தான் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

கேள்வி: என் மகன், போட்டியில் கீழ் எடைப் பிரிவில் இறங்குவதற்காக எடை குறைக்க வேண்டும் என்று தண்ணீர் குடிக்காமல் கிடக்கிறான். தடுக்கலாமா?
— ஒரு தாய், நெல்லிக்குப்பம்

பதில்: தடுங்கள் அம்மா. 2015 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப் போட்டிக்காக எடை குறைத்த சீன வீரர் யாங் ஜியான் பிங் இறந்தே போனார், வயது 21. அதற்குப் பிறகுதான் அந்த அமைப்பு, உடம்பில் நீர்ச்சத்து இருக்கிறதா என்று சோதித்துத்தான் எடையே பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. மகனை அவனுடைய இயல்பான எடைப் பிரிவில் சண்டை போடச் சொல்லுங்கள். கூண்டுக்குப் பக்கத்தில் டாக்டரும் வாசலில் ஆம்புலன்ஸும் இருக்குமா என்று நடத்துகிறவரிடம் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். மழுப்பினால் அனுப்பாதீர்கள். நடத்துகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: இந்த அம்மா நம்பினால் தெருவில் பாதிப் பேர் டிக்கெட் வாங்குவார்கள், நம்பாவிட்டால் அவர் மகனும் வர மாட்டான்.

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் பரோட்டா கடை வைத்திருக்கிறேன். ஸ்பான்சர் கேட்டு எம்.எம்.ஏ. பசங்க வந்தார்கள். இருபதாயிரம் கேட்கிறார்கள். ரீல்ஸில் லட்சம் வியூஸ் என்று காட்டினார்கள்.
— ஒரு கடைக்காரர்

பதில்: வியூஸ் பரோட்டா சாப்பிடாது. போன ஷோவில் காசுக்கு விற்ற டிக்கெட் எத்தனை, அதில் கடலூர் ஆட்கள் எத்தனை என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், ஃபிளெக்ஸில் நாற்பது லோகோவுக்கு நடுவில் உங்கள் கடை பெயரைப் போடுவதற்குப் பதில், உள்ளூர் ஃபைட்டர் ஒருவருடைய ஷார்ட்ஸில் ஒரு வருஷத்துக்கு உங்கள் பெயர் மட்டும் இருக்கும்படி பேசுங்கள், பணத்தையும் ஷோவுக்கு ஷோ பிரித்துக் கொடுங்கள். கணக்கு காட்ட மறுத்தால், சண்டை முடிந்து வருகிற பசங்களுக்கு ரெண்டு மேசை பரோட்டா மட்டும் உங்கள் செலவு என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். எடை குறைத்தவர்கள், கொஞ்சம் அதிகமாகவே சாப்பிடுவார்கள்.