உளவாளிக் கதைக்குப் படம் எதற்கு, ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: நான் கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். 1942-ல் சென்னையில் நடப்பதாக ஓர் உளவுக் கதை எழுதியிருக்கிறேன். பினாங்கில் பயிற்சி எடுத்து, நீர்மூழ்கிக் கப்பலில் வந்து இறங்கும் ஒருவன்தான் நாயகன். படிப்பவரே அவனாக இருந்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்தம் 180 துண்டுகள். படமோ சத்தமோ கிடையாது, வெறும் எழுத்துதான். ‘இதையெல்லாம் யார் விளையாடுவாங்க?’ என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இதை ஆப் ஆக்கி, காப்பிரைட் வாங்கி, கூகுள் பிளேயில் ஏற்றித் தர ஒரு ஏஜென்ட் 65,000 ரூபாய் கேட்கிறார். படம் சேர்த்தால் இன்னும் 40,000. ஆளுக்கு 50 ரூபாய் நுழைவுக் கட்டணம் வாங்கி, துரோகியை முதலில் கண்டுபிடிப்பவருக்கு 10,000 ரூபாய் பரிசு என்று அறிவித்தால் கூட்டம் குவியும் என்கிறார். பணம் கொடுக்கலாமா சார்?

பதில்: கொடுக்காதீர்கள். 65,000-மும் வேண்டாம், 40,000-மும் வேண்டாம். அந்தப் பரிசு யோசனையை இன்றைக்கே குப்பையில் போடுங்கள். அது ஏன் என்று பின்னால் வருகிறேன். முதலில் வீட்டார் சிரிப்புக்குப் பதில்.

எழுத்து மட்டுமே உள்ள உளவாளி விளையாட்டுகள் நேற்று முளைத்தவை அல்ல. அமெரிக்காவில் இன்ஃபோகாம் என்று ஒரு நிறுவனம் இருந்தது. 1987-ல் ‘பார்டர் ஸோன்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். கிழக்கு ஐரோப்பாவில் ஒரு கற்பனை நாடு, ஒரு ரயில், ஒரு சதி. முதல் பகுதியில் நீங்கள் சாதாரண வியாபாரி. அடிபட்ட உளவாளி ஒருவர் உங்கள் பெட்டிக்குள் வந்து ஓர் ஆவணத்தைக் கையில் திணிக்கிறார். அடுத்த பகுதியில் நீங்களே அந்த உளவாளி. மூன்றாவதில் எதிர்த் தரப்பு ஆள். இத்தனையும் எழுத்திலேயே. நீங்கள் எதுவும் தட்டாமல் யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாலும் உள்ளே கடிகாரம் ஓடும், காவலர்கள் நெருங்கி வந்துகொண்டிருப்பார்கள். வெறும் எழுத்தைப் பார்த்துக் கை வியர்க்கும் என்பதை நான் அதில்தான் கண்டேன்.

ஆனால் உங்களுக்குப் பாடமாக இருக்க வேண்டியது அதுவல்ல, 1998-ல் ஆண்ட்ரூ பிளாட்கின் எழுதிய ‘ஸ்பைடர் அண்ட் வெப்’. ஒரு சந்து, ஒரு பூட்டிய கதவு, நீங்கள் ஒரு சுற்றுலாப் பயணி. கதவு திறக்கவில்லை, சரி என்று திரும்பிப் போகிறீர்கள். அந்த இடத்தில் காட்சி அறுந்து, நாற்காலியில் பிணைக்கப்பட்டு விசாரணை அதிகாரியின் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ‘நீ சொல்வது பொய், மறுபடி சொல்’ என்கிறார் அவர். அதுவரை நீங்கள் விளையாடியது முழுக்க நீங்கள் அவரிடம் கொடுத்த வாக்குமூலம்! அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அவரிடம் இருக்கும் தடயத்துக்குப் பொருந்துகிற மாதிரி நடந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஓர் இடத்தில், நீங்கள் எதைச் சொல்லாமல் விட்டீர்கள் என்பதுதான் உயிரையே காப்பாற்றும். அது எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் பாவம்.

இதைப் படமாக எடுத்தால் என்ன ஆகும்? கேமரா காட்டியதெல்லாம் உண்மை என்று பார்ப்பவர் நம்பிவிடுவார். எழுத்தில் அப்படி இல்லை. யாரோ ஒருவர் சொல்லித்தான் எழுத்து வருகிறது, சொல்கிறவர் பொய்யும் சொல்லலாம். அந்தப் பொய்யைத் தன் வாயால் சொல்லி, அது உடையாமல் கடைசி வரை தூக்கிக்கொண்டு போவதற்குத்தான் இந்த விளையாட்டுக்கு ஆள் வருகிறது. துப்பாக்கிச் சண்டைக்கு வருகிறவர்களுக்கு வேறு ஆயிரம் விளையாட்டுகள் இருக்கின்றன, அவர்கள் போகட்டும்.

நீங்கள் கணக்குப் பார்ப்பவர், உங்கள் மொழியிலேயே சொல்கிறேன். நல்ல உளவாளி விளையாட்டு என்பது ஒரு பேரேடு. லாட்ஜ் மேனேஜரிடம் என்ன ஊர் என்று சொன்னான், தபால்காரரிடம் என்ன வேலை என்று சொன்னான், இதெல்லாம் பதிவாகிக்கொண்டே வர வேண்டும். முப்பது துண்டு கழித்து அந்த இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் சந்தித்துப் பேசிக்கொள்ளும்போது கணக்கு இடிக்க வேண்டும். 180 துண்டு என்கிறீர்கள். அதில் எத்தனை வெறும் கிளை, எத்தனை முன்னால் சொன்ன பொய்யைத் திருப்பிக் கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இடது பக்கம் போனால் கடற்கரை, வலது பக்கம் போனால் மவுண்ட் ரோடு என்கிற மாதிரிக் கிளைகள் நூறு இருந்தாலும் பயனில்லை. அறுபதாகக் குறைந்தாலும் பரவாயில்லை, அந்த அறுபதுக்கும் ஞாபகம் இருக்கட்டும்.

படத்துக்கு 40,000 என்பதைப் பற்றி ஒரே ஓர் உதாரணம். ‘ஜன்னல் சாத்தியிருந்தது. மேசை மேல் கணக்குப் புத்தகம், சுவரில் ஆணியில் ஆடிக்கொண்டிருந்த காலண்டர், மூலையில் குடை’ என்று எழுதுங்கள். பத்தில் எட்டுப் பேர் கணக்குப் புத்தகத்தைத்தான் திறப்பார்கள். சாத்திய அறையில் காலண்டர் ஏன் ஆடுகிறது என்று ஒருவருக்கு நாலு துண்டு தாண்டி உறைக்கும். ஓடி வந்து மறுபடி படிப்பார். இதையே படத்தில் காலண்டரை ஆட்டிக் காட்டினால் எல்லார் கண்ணும் முதலில் அங்கேதான் போகும். காசு கொடுத்து உங்கள் ரகசியத்தை நீங்களே போட்டுக்கொடுப்பீர்களா?

தமிழில் எழுதுவதால் உங்களுக்கு ஒரு கொழுத்த வசதி இருக்கிறது. நம் ஆள் வாயைத் திறந்தாலே ஊரும் உறவும் தெரிந்துவிடும். நாகப்பட்டினத்துக்காரன் என்று சொல்லிக்கொள்பவன் போலீஸ்காரரிடம் ‘வந்துட்டேனுங்க’ என்றால் தொலைந்தான், அது உங்கள் பக்கத்து ‘ங்க’. மலாயாவில் வளர்ந்த நாயகன் மயிலாப்பூர் மெஸ்ஸில் ‘பசியாறிட்டேன்’ என்று சொன்னால் பக்கத்து இலைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். அதையே நாகூரில் ஒரு முஸ்லிம் வீட்டில் சொன்னால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆகவே உங்கள் தேர்வுகளில் பாதி ‘எங்கே போவது’ என்று இல்லாமல் ‘எப்படிப் பேசுவது’ என்று இருக்கட்டும். ‘வா’, ‘வாங்க’, ‘வாரும்’ மூன்றையும் வைத்து ஒரு தலையையே உருட்டலாம்.

காலமும் கைகொடுக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து பெருங்கூட்டம் சென்னையைக் காலி செய்து ஊர்ப்பக்கம் ஓடியது, பூட்டிய வீடுகளுக்குப் பஞ்சமில்லை. பினாங்கிலிருந்து வந்து பிடிபட்ட விடுதலைப் போராளி வக்கம் காதரும் தோழர்கள் மூவரும் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். நமக்குத் தியாகி, அன்றைய போலீஸ் கோப்பில் உளவாளி. முடிவு தெரிந்தவர்களுக்கு உங்கள் கதையின் ஒவ்வொரு தேர்வும் கனக்கும்.

இனி ஏஜென்ட் சங்கதி. ட்வைன் என்று ஒரு மென்பொருள், கிறிஸ் கிளைமாஸ் என்பவர் 2009-ல் கொண்டுவந்தது. முழுக்க இலவசம். துண்டுகளைக் கட்டம் கட்டமாக எழுதிக் கோடு இழுத்து இணைக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் ஒரே ஒரு கோப்பு கிடைக்கும், எந்த போன் பிரவுசரிலும் தமிழ் ஒழுங்காகத் திறக்கும். எக்ஸெல் தெரிந்த உங்களுக்கு ஒரு வாரத்து மாலைகள் போதும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் மட்டும் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கும் இலவசக் கருவிகள் உண்டு, ‘கன்வர்ஷன் சார்ஜ்’ என்று பக்கக் கணக்கில் பிடுங்குவார்கள், ஏமாறாதீர்கள். விளையாடுபவர் பெயரைக் கேட்டு வாங்கிக் கதைக்குள் நுழைக்கும் ஆசையும் வேண்டாம். ‘குமார்’ குமாரை ஆகும், ‘ராணி’ ராணியை ஆகும், இயந்திரம் ‘ராணிஐ’ என்று துப்பும். சங்கேதப் பெயரை நீங்களே வைத்துவிடுங்கள், உளவாளிக்கு அதுதானே அழகு.

வெளியிட இட்ச் ஐஓ (itch.io) என்ற விளையாட்டுத் தளம் இருக்கிறது, ஏற்றுவதற்குக் காசு இல்லை. விற்றால் தளத்துக்கு எத்தனை சதவீதம் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். கூகுள் பிளேதான் வேண்டும் என்றால் பதிவுக் கட்டணம் வாழ்நாளில் ஒரே முறை 25 டாலர். புதிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். குப்பை ஆப்களைத் தடுக்க வந்த விதி. குப்பை போடுகிறவன் கூலிக்கு 12 பேரைப் பிடித்துவிடுகிறான், கரூரில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர்தான் முழிக்கிறார். உங்கள் ஏஜென்ட் ‘டெஸ்டிங் பேக்கேஜ்’ என்று விற்பது இதைத்தான். அலுவலகத்தில் 12 பேர் இல்லையா?

காப்பிரைட் என்பது எழுதிய கணமே உங்களுக்கு வந்துவிட்டது. பதிவு கட்டாயமில்லை. பதிந்தே ஆகவேண்டும் என்றால் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய், நீங்களே இணையத்தில் கட்டலாம். நம் சட்டத்தில் கணினி நிரலும் ‘இலக்கியப் படைப்பு’தான், ஆனால் கதையும் நிரலும் ஒன்றாகப் பின்னிய இந்த மாதிரி ஒன்றை விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டுப் பாருங்கள், நிம்மதியாகத் தூங்க மாட்டீர்கள். ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருப்பு, அப்புறம் ஒரு கடிதம், அதற்கு ஒரு பதில். எனக்குத் தெரிந்த ஒருவர் விண்ணப்பித்த விளையாட்டை மறந்து அடுத்ததையே எழுதி முடித்துவிட்டார். இன்னொன்று, ஏஜென்ட் விளம்பரத்தில் ‘சூஸ் யுவர் ஓன் அட்வென்ச்சர்’ என்ற சொற்றொடரைப் போட விடாதீர்கள். அது வகையின் பெயர் இல்லை, பதிவு செய்த வணிகக் குறி. அதன் சொந்தக்கார நிறுவனம் 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் மேலேயே வழக்குப் போட்டது. கிளைக்கதை என்று சொல்லுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது பரிசு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பணம் கட்டி, பணமோ வேறு பலனோ ஜெயிக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் ஆடும் எந்த இணைய விளையாட்டையும் அது தடை செய்கிறது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதம் அங்கே எடுபடாது. ‘நம்முடையது மூளை விளையாட்டு’ என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் அதற்குத் தனியாக இரண்டு ஆண்டும் 50 லட்சமும்.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். விளையாட்டைத் திறக்க ஒரு முறை 50 ரூபாய் வாங்குவது தவறில்லை. அது புத்தக விலை மாதிரி, சட்டமே ஒரு முறை நுழைவுக் கட்டணத்தையும் சந்தாவையும் அனுமதிக்கிறது. பந்தயப் பணமாக இல்லாதவரை. யாரிடமும் காசு வாங்காமல் ஜெயித்தவருக்கு உங்கள் கைக்காசில் ஒரு பரிசு கொடுத்தால் அதுவும் இந்த வலையில் விழாது, ஏனென்றால் யாரும் எதையும் கட்டவில்லை. இரண்டும் ஒரே விளையாட்டில் சேர்ந்தால்தான் வினை. 50-ஐ ‘பராமரிப்புக் கட்டணம்’ என்று பெயர் மாற்றினாலும், 10,000-க்குப் பதில் வெள்ளிக்காசு, குக்கர் என்று கொடுத்தாலும், காசுக்குப் பதில் ‘காயின்’ விற்றாலும் கதை மாறாது. கட்டணமா பரிசா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் என்றால் கட்டணத்தை வைத்துக்கொண்டு பரிசை விடுவேன். பரிசுக்காக வருகிறவன் துரோகி யார் என்று கண்டுபிடித்த அடுத்த நிமிடம் வாட்ஸ்அப்பில் போட்டு உடைப்பான், உங்கள் 180 துண்டும் ஒரே ராத்திரியில் செத்துப்போகும்.

முதல் 20 துண்டை மட்டும் ட்வைனில் போட்டு, சிரித்த வீட்டாரிடமே போனைக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்காதீர்கள். எங்கே பின்னால் போய் மறுபடி படிக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஏஜென்டிடம் ஏதாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. உரிமையை எழுதிக் கொடுத்திருந்து, காலம் குறிப்பிடவில்லை என்றால் சட்டப்படி அது ஐந்து ஆண்டுக்குத்தான். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்ற சொற்கள் இருந்தால் கதை வேறு. அந்தக் காகிதத்தின் நகலை அனுப்புங்கள், மற்றதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.