இரத்தம் எடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

மதுரையிலிருந்து மனைவி மக்களோடு மொரீசியஸ் வந்து இறங்கிய கையோடு வீட்டு வாடகை, மளிகை, பள்ளி என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில், சுகாதார அமைச்சின் ஊழியர் வீடு தேடி வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்துச் சென்றதையும், அவர் மறுபடி வந்தால் மறுக்கலாமா என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். வாடகை நிலவரத்தை எபேனில் உங்களோடு வேலை செய்பவர்களே என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்; மளிகைக்கு இங்கே பஞ்சமில்லை. இரத்தப் பரிசோதனையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

மறுக்காதீர்கள். உடம்பில் மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த இரத்தம். 1860களில் மலேரியா இத்தீவுக்குள் புகுந்து, 1867இல் மட்டும் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. செகந்தராபாத்தில் 1897இல் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்த ரொனால்டு ராஸையே 1907இல் இங்கு வரவழைத்து ஆராயச் செய்தார்கள். பின்னர் பூச்சிமருந்து தெளித்து, போராடி ஒழித்து, 1973இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றிதழும் பெற்றார்கள். ஆனால் 1975ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் நோய் மறுபடியும் தலையெடுத்தது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 1997இல்தான் பதிவானார். நோயைப் பரப்பக்கூடிய கொசு இன்னும் இங்கே இருக்கிறது, கிருமிதான் இல்லை. அந்தக் கிருமியோ, இந்தியாவில் பரவலாக உள்ள வகையாயின், ஈரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து பிறகு காய்ச்சலாக வெளிப்படும். ஆகவேதான் விமான நிலையத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த முகவரிக்கு ஆள் வருகிறது. காய்ச்சல் இல்லையே என்று நீங்கள் வாதிடுவதில் பயனில்லை.

நான் வந்தபோது ரோஸ் ஹில்லில் ஒரு கடைக்கு மேலே கட்டில்கூட இல்லாத ஒற்றை அறையில் குடியிருந்தேன்; புயல் எச்சரிக்கையால் அலுவலகங்கள் மூடிக் கிடந்து, மழை விட்ட மறுநாள் ஒருவர் கையில் பெட்டியுடன் என் பெயரைக் கேட்டு வந்தார். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தாலும் இத்தீவின் கிரியோல் மொழி மட்டுமே பேசும் வீட்டுக்கார அம்மாள், அவரைக் காவல்துறை என்று எண்ணிப் பதறிப்போனார். வந்தவரோ நிதானமாகத் தேநீர் அருந்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு இரத்தத்தைத் தடவிக்கொண்டு, வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்லிவிட்டுப் போனார். இந்த ஊரில் என்னை முதன்முதலில் வீடு தேடி வந்து நலம் விசாரித்தவர் அவர்தான். நம்மவர்களில் சிலர் இந்தத் தொந்தரவு வேண்டாமென்று ஏதோ ஒரு விடுதியின் முகவரியை எழுதிவிட்டு அதைக் கெட்டிக்காரத்தனமாகப் பேசித் திரிகிறார்கள். எனக்கு அது சற்றும் பிடிப்பதில்லை.

பள்ளியைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கே கொலேஜ் என்றால் நம்மூர் உயர்நிலைப்பள்ளி. அங்கே சுகாதாரக் குழு வந்து எடை, உயரம், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பதுண்டு. பெற்றோரின் சம்மதம் கேட்டுத் தாள் வந்தால் கையொப்பமிட்டு அனுப்புங்கள். பெண்ணுக்கு எடை கூடுதல் என்று எவரேனும் எழுதிவிட்டால் நாளைக்கு வரன் பார்க்கும்போது இடைஞ்சலாகுமென்று மறுத்த படித்த குடும்பங்களை நான் அறிவேன். அதே வீடுகளில் தகப்பனார் சர்க்கரை மாத்திரையை ஒளித்து விழுங்குகிறார். வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள நாடு இது. 1987இல் முதல் பெரிய நீரிழிவு ஆய்வு நடந்த காலத்திலேயே அரசு பங்கீட்டுச் சமையல் எண்ணெயைப் பனை எண்ணெயிலிருந்து சோயாவுக்கு மாற்ற, அடுத்த ஐந்தாண்டில் மக்களின் சராசரி இரத்தக் கொழுப்பு அளவு குறைந்தது. நீரிழிவு மட்டும் குறையவில்லை. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் எதை விற்கலாம் என்பதற்கு 2009 முதல் விதி இருக்கிறது. வாசலுக்கு வெளியே, பருப்பு அடைத்த ரொட்டியான தால்பூரி விற்பவர் நிற்பதை அந்த விதி தடுக்கவில்லை என்பது வேறு விஷயம். நானே அவரது வாடிக்கையாளன்.

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை ஊரிலேயே விட்டுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அது கையில் இல்லாமல், எந்த ஊசி விடுபட்டது என்று இங்குள்ள செவிலியரால் சொல்ல இயலாது. அதைப் படம் எடுத்து அனுப்பும்படி இன்றே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.