அயோடின் உருகும்

வணக்கம் ஐயா,

வலுவற்ற பிணைப்புள்ள தனிமங்கள் உருகாமல் நேரே ஆவியாகும், அதுதான் பதங்கமாதல் என்று படித்தேன். அயோடின் எடுத்துக்காட்டு. சில பக்கங்கள் தள்ளி, கிராஃபைட்டும் பதங்கமாகும் என்று இருக்கிறது. கார்பன் பிணைப்பு வலுவானது என்றுதானே சொல்கிறார்கள்? இரண்டும் எப்படிச் சரியாகும்? தேர்வில் எதை எழுதுவது?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

குழப்பம் உங்களுடையதல்ல, நீங்கள் படித்த அந்த முதல் வாக்கியத்தினுடையது.

அயோடினை முதலில் முடித்துவிடுவோம். அது உருகும். 113.7 டிகிரி செல்சியஸில் உருகி, 184 டிகிரியில் கொதிக்கிறது. சோதனைக் குழாயில் கொஞ்சம் தாராளமாகப் படிகங்களைப் போட்டுச் சூடேற்றினால் ஊதா ஆவி எழுந்து, குழாயின் குளிர்ந்த கழுத்தில் பளபளக்கும் கருஞ்சாம்பல் தகடுகளாகப் படிகிறது. எல்லோரும் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடியில் பார்த்தால் கறுப்பாக ஒரு திரவம். குழாயைச் சாய்த்தால் அதுவும் சாயும். (ஆவி நுரையீரலுக்கு ஆகாது, தனியாகச் செய்து பார்க்க வேண்டாம்.)

அயோடினில் அணுக்கள் இரண்டிரண்டாகச் சகப்பிணைப்பில் இணைந்திருக்கின்றன. உருகும்போது அது அறுவதில்லை. மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள வாண்டர்வால்ஸ் ஈர்ப்புதான் தளர்கிறது. அது மெலிந்தது என்பதால் உருகுவதற்கு முன்பே நிறைய மூலக்கூறுகள் கிளம்பிவிடுகின்றன. உருகுநிலையில் அயோடினின் ஆவியழுத்தம் (அதன் ஆவி தரும் அழுத்தம்) வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியுமளவு ஆவி வர அது போதும். திரவமே இல்லாமல் செய்ய அது போதாது. உருகுநிலையை எட்டும் முன்பே ஆவியழுத்தம் ஒரு வளிமண்டலத்தைத் தொட்டுவிடும் பொருள்தான் திறந்த வெளியில் உருகாமல் போகும்.

கிராஃபைட் அப்படிப்பட்டது. இங்கே வலுவைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். திண்மத்தைத் தனித்தனி அணுக்களாகப் பிரிக்க, கார்பனுக்கு மோலுக்குச் சுமார் 717 கிலோஜூல் வேண்டும். டங்ஸ்டன் என்ற உலோகத்துக்குச் சுமார் 850. அதாவது டங்ஸ்டன்தான் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அது 3,422 டிகிரியில் ஒழுங்காக உருகி, கொதிப்பதற்கு 5,500 டிகிரிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. கிராஃபைட்டோ 3,600 டிகிரியை ஒட்டி நேரே ஆவியாகிறது.

வேறுபாடு பிணைப்பின் குணத்தில் இருக்கிறது. உலோகத்தில் எலக்ட்ரான்கள் எல்லா அணுக்களுக்கும் பொதுச்சொத்து. ஓர் அணு இடம் மாறினாலும் பிடிமானம் பெரிதாகக் குறைவதில்லை, பக்கத்தில் யார் இருந்தாலும் சரிதான். ஆகவே உருகுவது மலிவு, வெளியேறுவதுதான் செலவு. உள்ளங்கைச் சூட்டில் இளகும் கேலியம் கொதிக்க 2,200 டிகிரிக்கு மேல் ஆவது இதனால்தான். கிராஃபைட்டின் அடுக்கில் ஒவ்வொரு கார்பனும் குறிப்பிட்ட மூன்று திசைகளில் மூன்று அணுக்களைப் பிடித்திருக்கிறது. கோணம் பிசகினால் பிடி நழுவும். நகர்வதற்கே பிணைப்பை அறுத்தாக வேண்டும். அறுத்த பிறகு திரவமாக ஏன் தங்க வேண்டும்?

"அப்படியானால் சிலிகான்?" என்று நீங்கள் கேட்டுவிடக் கூடும். வைரத்தின் அதே அமைப்பு, அதே திசைப்பிணைப்பு, ஆனால் 1,414 டிகிரியில் உருகுகிறது. எனக்கு மிகவும் பிடித்த விதிவிலக்கு இது. உருகியதும் சிலிகான் உலோகமாக நடந்துகொள்கிறது: அண்டை அணுக்கள் நான்கிலிருந்து ஆறையொட்டிக் கூடுகின்றன, அடர்த்தி ஏறுகிறது, திண்மத் துண்டு திரவத்தில் மிதக்கிறது. பழைய பிணைப்பைக் கைவிட்டதற்கு ஈடாகத் திரவத்தில் வேறொன்று கிடைக்கிறது. கார்பனுக்குச் சாதாரண அழுத்தத்தில் அப்படியொரு ஈடு அமைவதில்லை. சுமார் 100 வளிமண்டல அழுத்தம் கொடுத்து, 4,000 டிகிரியைத் தாண்டினால் அதுவும் உருகும்.

ஆர்செனிக் 615 டிகிரியில் பதங்கமாவதற்குக் காரணம் எதிர்ப்பக்கத்தில், ஆவியில் இருக்கிறது. அடுக்கடுக்கான திண்மத்திலிருந்து அது தனி அணுவாக வெளியேறுவதில்லை. நான்கு அணுக்கள் கைகோத்த மூலக்கூறாகப் போகிறது. தேவையான பிணைப்பெல்லாம் அதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதே தொகுதியில் அதற்குக் கீழே உள்ள ஆன்டிமணிக்கு உலோகக் குணம் கூடுதல்; அது 631 டிகிரியில் உருகிவிடுகிறது. ஆர்செனிக்கையும் 36 வளிமண்டல அழுத்தத்தில் அடைத்து வைத்தால் 817 டிகிரியில் உருக்கலாம்.

தேர்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அயோடின் பதங்கமாகும் என்று எழுதுங்கள். மெல்லச் சூடேற்றினால் அது ஆவதும் உண்மைதான். அதற்குப் பக்கத்தில் "உருகாது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.